திறந்து பார்த்த டப்பாக்கள்

3 அக்டோபர் 2023, செவ்வாய். லண்டன்

நாட்டிங் ஹில் பக்கம் லங்காஸ்டர் ரோட்டில் உள்ள மியூசியம் ஆஃப் பிராண்ட்ஸுக்குப் போய்வந்தேன். பழைய உறைகள், டின்கள், அட்டைப்பெட்டிகள், பாட்டில்கள். ராபர்ட் ஓப்பி என்ற மனிதர் சேர்க்கத் தொடங்கியது. 1963-இல், பதினாறு வயதில், ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸில் ஒரு மஞ்சிஸ் மிட்டாய்ப் பாக்கெட்டைத் தின்று முடித்தவர், உறையைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இத்தனையும். அவருடைய பெற்றோர் ஐயோனா, பீட்டர் ஓப்பி இருவரும் பிள்ளைகள் தெருவில் பாடும் பாட்டுகளையும் விளையாட்டுகளையும் ஆயுள் முழுக்கச் சேகரித்து நூலாக்கியவர்கள். மற்றவர்கள் உதறிவிட்டுப் போவதை எடுத்து வைப்பது அந்தக் குடும்பத்தின் குணம்.

உள்ளே குறுகலான, மங்கிய வெளிச்சமுள்ள நடை. இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி. விக்டோரியா ராணி காலத்தில் தொடங்கி இன்றுவரை நகர்கிறது. ஹார்லிக்ஸ், கேட்பரி கோகோ என்று நம் வீட்டு அலமாரியில் இருந்தவையும் உண்டு.

அதிக நேரம் நின்றது லைல்ஸ் கோல்டன் சிரப் டின் முன்னால்தான். பச்சையும் தங்கமுமாக டின். நடுவில் ஒரு சிங்கம் படுத்திருக்கிறது. தூங்குகிறது என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். அது செத்த சிங்கம். சுற்றிலும் புள்ளி புள்ளியாகப் பறப்பவை தேனீக்கள். பைபிளில் சிம்சோன், தான் கொன்ற சிங்கத்தின் உடலில் தேன்கூட்டைக் கண்டு அதை விடுகதையாகப் போடுவான். ஆலை முதலாளி ஏப்ரம் லைல் பக்திமான். அந்தக் காட்சியையே முத்திரை ஆக்கிவிட்டார். சர்க்கரையைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் பாகு அது. 1883-இல் மரப் பீப்பாயிலிருந்து விற்கத் தொடங்கி, 1885-இல் டின்னுக்கு மாறியது. முதல் உலகப்போரில் தகரத் தட்டுப்பாடு வந்தபோது மட்டும் அட்டை டப்பா. உலகிலேயே அதிக காலம் மாறாத வணிக முத்திரை என்று 2006-இல் கின்னஸ் அங்கீகாரம் கொடுத்தது. ஆலை இருக்கும் ப்ளெய்ஸ்டோ வார்ஃப், மகள் வீடு இருக்கும் ஈஸ்ட் ஹாமுக்குப் பக்கத்தில்தான்.

செத்த மிருகத்தின் படத்தைப் போட்டு ஒரு தின்பண்டத்தை நூறு வருஷத்துக்கு மேல் விற்க முடிந்திருக்கிறது. படத்துக்கும் பண்டத்துக்கும் பொருத்தம் தேவையில்லை. பழகிய முகமாக இருந்தால் போதும், ஜனங்கள் நம்புவார்கள்.

நான் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்களிடம் வரும் மாதிரி பாட்டில் காகிதம் சுற்றி, நூல் கட்டி, முடிச்சுகளின் மேல் அரக்கு வைத்து வரும். அரக்கில் பதித்த முத்திரையின் அச்சு தனி உறையில் தனியாக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் நூலை அறுப்போம். பொருந்தாவிட்டால் உள்ளே அமிர்தமே இருந்தாலும் சோதனை இல்லை. அந்தப் பழக்கத்தால் இன்று எந்த டின்னைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் வந்தது: இதை யார் திறந்து பார்த்தார்கள்? உணவுப் பொட்டலத்தின் சரித்திரத்தில் அழகான பாதி இந்த அலமாரிகளில் இருக்கிறது. திறந்தவர்களின் பாதியை நான் தேடிப் படிக்க வேண்டும்.

5 அக்டோபர், வியாழன்

மழை. வெளியே போகவில்லை. சயின்ஸ் மியூசியத்தின் சேகரிப்பில் உள்ள ஒரு டின்னைப் பற்றியே பகல் முழுதும் படித்தேன். வறுத்த கன்றுக்கறி அடைத்த டின். 1824-இல் கேப்டன் எட்வர்ட் பாரியுடன் ஆர்க்டிக் கடலுக்குப் போய்த் திரும்பியது.

உணவை அடைத்துக் காக்கும் வித்தையைக் கண்டவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர். கண்ணாடி பாட்டிலில் உணவைப் போட்டு, தக்கையால் இறுக்கி, கொதிநீரில் வேகவைத்தார். 1810-இல் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. கிருமிகளைப் பற்றி பாஸ்டர் சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. அதே 1810-இல் லண்டனில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்கும் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். அதை விலைக்கு வாங்கிய பிரையன் டான்கினும் அவருடைய கூட்டாளிகளும் பெர்மண்ட்சியில் தொழிற்சாலை வைத்து, 1813 வாக்கில் கடற்படைக்கு டின் உணவு கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த டின் செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. இரும்புத் தகட்டை உருக்கிய வெள்ளீயத்தில் முக்கி எடுப்பார்கள். நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போலத்தான். காரணமும் அதே காரணம், உணவு அடி உலோகத்தைத் தொடக்கூடாது. தகட்டைக் கத்தரித்து, உருளையில் சுற்றி வளைத்து, விளிம்பை ஈயப்பற்று வைத்து ஒட்டுவார்கள். மேல் மூடியில் சின்னத் துவாரம். உணவை அடைத்துக் கொதிக்கவைத்து, கடைசியில் துவாரத்தையும் பற்று வைத்து அடைப்பார்கள். பிறகு டின்களை வாரக்கணக்கில் வெதுவெதுப்பான அறையில் வைத்திருப்பார்கள். உள்ளே கெட்டிருந்தால் வாயு கட்டி டின் உப்பும். உப்பியதைக் கழித்துவிட்டு மற்றதை அனுப்புவார்கள். கிருமி என்ற ஒன்றே தெரியாத காலத்தில் இப்படி ஒரு சோதனையை யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கும் உப்பிய டின்னைக் கண்டால் வாங்காதே என்றுதான் நாங்கள் சொல்கிறோம்.

பாரி டின்னின் மேல், விளிம்பை ஒட்டி உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டித் திறக்கும்படி எழுதியிருக்கிறது. டின் திறப்பானுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பதிவானது 1855-இல்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் உளிதான், கத்திதான், சிப்பாய்களுக்குத் துப்பாக்கிக் கத்திதான்.

அதே பயணத்தில் ஃபியூரி என்ற கப்பல் பனியில் நொறுங்கி, 1825-இல் அதைக் கைவிட்டார்கள். கரையில் இறக்கிவைத்த சாமான்கள் அங்கேயே கிடந்தன. சில வருஷம் கழித்து அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ஜான் ராஸின் ஆட்கள் அவற்றைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள்.

ஊர் திரும்பிய கன்றுக்கறி டின்னை 1930-களின் இறுதியில் ஜாக் டிரம்மண்ட் என்ற உயிர்வேதியியலாளர் திறந்தார். வைட்டமின்களை ஏ, பி, சி என்று எழுத்தால் அழைக்கலாம் என்று 1920-இல் யோசனை சொன்னவர் இவர். நூறு வருஷத்துக்கு மேல் அடைந்து கிடந்த கறியை எடை போட்டு, பகுத்து, பூனைக்கும் எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எல்லா டின்னுக்கும் இந்த நற்சான்று கிடைக்கவில்லை. 1852 ஜனவரியில் போர்ட்ஸ்மவுத் பக்கம் கோஸ்போர்ட் கடற்படைக் கிடங்கில் 306 டின்களைத் திறந்தார்கள். தின்னத் தகுதியாக இருந்தவை 42. மற்றவற்றில் அழுகிய கறி, கழிவு. திறந்தவர்களால் அறையில் நிற்க முடியவில்லை. அவற்றைக் கொடுத்தவர் ஸ்டீபன் கோல்ட்னர் என்ற ஒப்பந்தக்காரர். 1845-இல் ஆர்க்டிக் போய், 129 பேரில் ஒருவர்கூடத் திரும்பாத பிராங்க்ளின் பயணத்துக்கும் டின் கொடுத்தவர் அவர்தான். அந்த மாலுமிகளில் மூவரின் உடல்களை 1984-இலும் 1986-இலும் பீச்சி தீவில் தோண்டி ஆராய்ந்தபோது ஈயம் அதிகமாக இருந்தது. அது டின்னின் பற்றிலிருந்துதான் வந்ததா, அதுதான் அவர்களைக் கொன்றதா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோஸ்போர்ட் கணக்கில் வாதம் இல்லை. அது திறந்து எண்ணிய கணக்கு.

6 அக்டோபர், வெள்ளி

நேற்றைய விஷயத்துக்கு ஒரு பின்குறிப்பு. 1964-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் டைபாய்டு. மூலம், அர்ஜென்டினாவிலிருந்து வந்த கார்ன்டு பீஃப் டின். கறியை முறைப்படி வேகவைத்திருந்தார்கள். சூடான டின்களை ஆற்றுவதற்குக் குளோரின் கலக்காத ஆற்றுநீரைப் பயன்படுத்தியதுதான் வினை. சூடு தணியும்போது டின்னுக்குள் காற்றழுத்தம் குறையும். விளிம்பில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் வெளித் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். கடையில் அதை வெட்டிய கத்தியும் இயந்திரமும் மற்றக் கறிகளுக்கும் நோயைப் பரப்பின. லேபிளில் இருந்த ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

7 அக்டோபர், சனி

ஃபாரஸ்ட் ஹில்லில் ஹார்னிமன் மியூசியம். தேயிலைப் பொட்டலம் சம்பாதித்துக் கொடுத்த அருங்காட்சியகம் இது.

ஜான் ஹார்னிமன் 1826-இல் செய்த காரியம் இன்று சாதாரணமாகத் தெரியும். அதுவரை தேயிலை பெட்டியில் வரும்; மளிகைக்காரர் அள்ளி நிறுத்துக் கொடுப்பார். அதில் அவர் என்ன கலந்தார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். குடித்துப் போட்ட தூளைக் காயவைத்து மறுபடி சாயம் ஏற்றி விற்றார்கள். வேலியோரப் புதர்களின் இலையைத் தேயிலை என்று விற்றார்கள். சீனாவிலிருந்து வந்த பச்சைத் தேயிலைக்கு, ஐரோப்பியர்கள் விரும்புகிறார்கள் என்று, பிரஷ்யன் நீலமும் ஜிப்சமும் பூசினார்கள். ஹார்னிமன் தேயிலையை எடைபோட்டு, உறையிலிட்டு, ஒட்டி, தன் பெயரையும் எடையையும் அச்சடித்து விற்றார். சாயம் இல்லாத சுத்தத் தேயிலை என்பதே அவருடைய விளம்பரம்.

தராசு கடைக்காரர் கையிலிருந்து நழுவிப்போனது அந்த உறையால்தான். கடைக்காரரைத் தெரியும், அதனால் சரக்கை நம்புகிறேன் என்பது போய், கடைக்காரர் யாராக இருந்தாலும் உறையை நம்புகிறேன் என்று ஆயிற்று. நகரம் பெருத்து, எதிர் வீட்டுக்காரர் யாரென்றே தெரியாமல் வாழத் தொடங்கியவர்களுக்கு அது தேவைப்பட்டது. சட்டம் வருவதற்கு முன்பே நம்பிக்கையைப் பொட்டலம் கட்டி விற்றுவிட்டார்கள். கூடுதல் காசு கொடுக்க முடிந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும். ஏழை உதிரித் தூளைத்தான் வாங்கினான்.

மகன் ஃபிரெடரிக், அந்தப் பணத்தில் உலகெங்கும் வாங்கிச் சேர்த்த பொருள்களை, புதுக் கட்டடமும் கட்டி 1901-இல் லண்டன் மக்களுக்கே கொடுத்துவிட்டார். நடுக்கூடத்தில் ஒரு பெரிய வால்ரஸ். தோலில் மடிப்பு இருக்கும் என்று பாடம் செய்தவருக்குத் தெரியாததால், மடிப்பே இல்லாமல் விம்மும்வரை திணித்துவிட்டார். பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

8 அக்டோபர், ஞாயிறு

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் தமிழ்க் கடை. மாப்பிள்ளை காபித்தூள் பாக்கெட்டை எடுத்து, பின்பக்கம் இருந்த விகிதத்தைக் காட்டி, “இவ்வளவு சிக்கரியா, அத்தை? இது கலப்படம் இல்லையா?” என்றார். “சிக்கரி குற்றமில்லை, மாப்பிள்ளை. சொல்லாமல் போட்டால்தான் குற்றம்” என்றேன். நம் சட்டப்படி காபி பாதிக்குக் குறையக்கூடாது, 51 சதவீதமாவது வேண்டும். விகிதத்தை உறையில் போட வேண்டும். கும்பகோணத்துக் காபியின் ருசியில் சிக்கரிக்குப் பங்கு உண்டு, அதைக் குறைசொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து இந்தச் சண்டை எங்கே தொடங்கியது என்று அவருக்குச் சொன்னேன். இங்கேதான், இதே லண்டனில்தான்.

ஃபிரெடரிக் ஆக்கம் ஜெர்மனியிலிருந்து வந்து லண்டனில் வாழ்ந்த ரசாயனப் பேராசிரியர். 1820-இல் உணவுக் கலப்படம் பற்றி நூல் எழுதினார். ஆயிரம் பிரதிகள் ஒரே மாதத்தில் தீர்ந்தன. ஊறுகாய் பச்சையாகத் தெரிய செம்பு, பாலாடைக்கட்டி சிவக்க ஈயச் செந்தூரம், மிளகில் குப்பை. பிடிபட்டவர்களின் பெயரையும் அச்சிட்டார். அடுத்த வருஷமே, நூலகப் புத்தகங்களிலிருந்து தாள்களைக் கிழித்தார் என்ற வழக்கில் மாட்டி, அவமானப்பட்டு ஜெர்மனிக்கே போய்விட்டார். அவர் போனதும் கலப்படக்காரர்களுக்கு முப்பது வருஷம் நிம்மதி.

பிறகு வந்தார் ஆர்தர் ஹில் ஹாசல். மருத்துவர். கையில் மைக்ராஸ்கோப். லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் தாமஸ் வேக்லி துணை நின்றார். 1851 முதல் 1854 வரை கடை கடையாக வாங்கி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து, எந்தத் தெரு, எந்தக் கடை, என்ன கலந்திருந்தது என்று பெயரோடு வெளியிட்டார்கள். காபித்தூளில் சிக்கரி இருப்பதை ரசாயனத்தால் கண்டுபிடிக்க முடியாது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹாசல் செடியின் செல் அமைப்பை வைத்து ஒரே பார்வையில் காட்டிவிட்டார். ரொட்டியில் படிகாரம். கடுகுத்தூள் என்று விற்ற எல்லாவற்றிலும் கோதுமை மாவு, நிறத்துக்கு மஞ்சள்தூள்.

அந்த மஞ்சளைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். அங்கே கடுகில் கலந்த மஞ்சள் நல்ல மஞ்சள். குற்றம் ஏமாற்றியது மட்டும். நம்மிடம் வந்த மாதிரிகளில் மஞ்சளுக்கே நிறம் ஏற்றியிருப்பார்கள், மெட்டானில் எல்லோ சாயம் போட்டு. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டால் சுத்த மஞ்சளும் ஒரு கணம் சிவக்கும். தண்ணீர் ஊற்றினால் அந்தச் சிவப்பு ஓடிவிடும். ஓடாமல் நிலைத்தால் சாயம். சோதனைக்குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்த அந்த நொடிகளைப் போல வேறு எதுவும் என் வேலையில் என்னைப் பிடித்து வைத்ததில்லை.

ஹாசல் பிடித்தவர்களில் கிராஸ் அண்ட் பிளாக்வெல் என்ற பெரிய ஊறுகாய் நிறுவனமும் உண்டு. 1855-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் தாமஸ் பிளாக்வெல் வந்து, ஆமாம், செம்பு சேர்த்தோம், இப்போது நிறுத்திவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். நிறுத்தியதும் ஊறுகாய் பழுப்பாகிவிட்டது. வாங்குகிறவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். கலப்படத்தில் நம் கண்ணுக்கும் பங்கு இருக்கிறது.

அப்படியும் சட்டம் உடனே வரவில்லை. 1858-இல் பிராட்ஃபோர்டில் மிட்டாய் தின்று இருபது பேர் அளவில் செத்தார்கள். சர்க்கரையை மிச்சம் பிடிக்க ஜிப்சம் தூள் வாங்கப் போனவருக்கு, மருந்துக் கடையில் தவறிப்போய் ஆர்செனிக்கை நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். மிட்டாயில் மண்ணைப் போடுவது அன்று அவ்வளவு சகஜமாக இருந்திருக்கிறது. 1860-இல் பல் இல்லாத ஒரு சட்டம், 1872-இல் இன்னொன்று, 1875-இல்தான் உருப்படியான உணவு, மருந்து விற்பனைச் சட்டம்.

10 அக்டோபர், செவ்வாய்

எலிசபெத் லைன் ரயிலில் ரெடிங். அங்குள்ள மியூசியத்தில் ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் கம்பெனிக்கென்றே ஒரு கூடம். 1822-இல் ஜோசப் ஹன்ட்லி வைத்த சின்ன ரொட்டிக் கடை, குதிரை வண்டிப் பயணிகளுக்கு பிஸ்கட் விற்றது. வண்டியில் உடையாமலிருக்க, எதிர்ச்சாரியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த மகன் தகர டப்பா செய்து கொடுத்தார். அது தனித் தொழிற்சாலையாகவே வளர்ந்தது. 1900 வாக்கில் உலகின் மிகப் பெரிய பிஸ்கட் கம்பெனி, ஐயாயிரம் தொழிலாளர்கள்.

தகரத்தின் மேலேயே வண்ணப்படம் அச்சடிக்கும் முறைக்கு ராபர்ட் பார்க்லே 1875-இல் காப்புரிமை வாங்கியபின் டின்கள் ஆட்டம் போடத் தொடங்கின. நான் தேடிப்போனது 1900-இல் வந்த நூலகம் என்ற டின். எட்டுப் புத்தகங்களை அடுக்கி நடுவில் தோல் வார் போட்டுக் கட்டியது போன்ற உரு. வாரின் கொக்கி, புத்தக முதுகின் மேடு, பக்கங்களின் விளிம்பு, எல்லாம் தகரம். பக்கத்தில் போனால்தான் தகரம் என்று தெரிகிறது. பிஸ்கட் தீர்ந்தாலும் எறிய மனம் வராது. அதுதான் கம்பெனியின் கணக்கு. வீட்டில் பெயர் நிலைத்து நிற்கும். நம் வீடுகளில் பிஸ்கட் டப்பாவில் முறுக்கும் ஊசிநூலும் வருஷக்கணக்கில் குடியிருப்பதற்குப் பின்னால் இந்த யோசனை இருக்கிறது.

ஒரு தகவல் மனதில் தைத்தது. 1904-இல் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து படையோடு போய் திபெத்துக்குள் நுழைந்த யங்ஹஸ்பண்ட் குழுவுக்கு அங்கே விருந்தோம்பலில் வைத்தது ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட். துப்பாக்கி போவதற்கு முன்பே டின் போய்ச் சேர்ந்துவிட்டது.

12 அக்டோபர், வியாழன்

டாக்லேண்ட்ஸ் மியூசியம். 1802-இல் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்காகக் கட்டிய கிடங்கிலேயே அருங்காட்சியகம் நடக்கிறது. லண்டன், சர்க்கரை, அடிமைமுறை பற்றிய கூடம் 2007 முதல் உள்ளது. வாசலில் நின்ற ராபர்ட் மில்லிகன் சிலையை 2020 ஜூனில் எடுத்துவிட்டார்கள். இந்தத் துறைமுகத்தைக் கட்டவைத்த வணிகர். ஜமைக்காவில் அவருடைய தோட்டங்களில் 526 அடிமைகள்.

இங்கே வந்ததற்குக் காரணம் ஒரு சர்க்கரைக் கிண்ணத்தைப் பற்றிப் படித்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் உள்ளது, 1820-களின் காலம். அடிமைகள் உற்பத்தி செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று அதன்மேல் எழுதியிருக்கும். லண்டன் பெக்ஹாமில் ஹெண்டர்சன் அம்மாள் என்பவரின் பீங்கான் கடை இவற்றை விற்றது. ஆறு குடும்பங்கள் மேற்கிந்தியச் சர்க்கரையை விட்டு இதற்கு மாறினால் ஓர் அடிமை குறைவாகத் தேவைப்படும் என்ற கணக்கும் சில கிண்ணங்களில் இருந்தது. 1791-இலேயே சர்க்கரையை ஒதுக்கும் இயக்கம் நாடெங்கும் பரவி, லட்சக்கணக்கானோர் தேநீரில் சர்க்கரை போடுவதை நிறுத்தியிருந்தார்கள். ஓட்டுரிமை இல்லாத பெண்கள் சமையலறையிலிருந்தே நடத்திய அரசியல் அது. விருந்தாளி சர்க்கரை எடுக்கக் கை நீட்டும்போதெல்லாம் அந்த எழுத்தைப் படித்தாக வேண்டும். 1833-இல் ஒழிப்புச் சட்டம் வந்தது. நஷ்டஈடாகக் கொடுத்த இரண்டு கோடி பவுண்டு முதலாளிகளுக்குப் போனது, அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை.

அந்த வாசகம் உண்மையா? கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நிலத்தில் அடிமைமுறை அப்போது சட்டப்படி இருந்தது. மலபாரிலும் தமிழ்நாட்டு வயல்களிலும் மண்ணோடு சேர்த்து மனிதரை விற்றார்கள். அதற்குச் சட்ட அங்கீகாரம் நீங்கியது 1843-இன் ஐந்தாம் சட்டத்தால். கரும்பு வெட்டியவன் எந்த நிலையில் இருந்தான் என்பது அந்தக் கிண்ணத்தில் வராது. ஆனாலும் அந்தப் பெண்களை நான் மதிக்கிறேன். இந்தப் பயணத்தில் பார்த்த, படித்த எல்லாப் பொருள்களிலும், இதைச் செய்தவர் யார் என்று கேட்டது அந்தக் கிண்ணம் ஒன்றுதான்.

தேயிலை டின்கள் அதைக் கேட்கவே இல்லை. தாமஸ் லிப்டன் 1890-இல் இலங்கைக்குப் போய் டம்பதென்ன முதலிய தோட்டங்களை வாங்கி, தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கெண்டிக்கு என்ற பொருளில் விளம்பரம் செய்தார். விளம்பரங்களில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்கள். அவர்கள் யாரென்று எந்தத் தமிழருக்கும் பார்த்தவுடன் தெரியும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பத்துப் பெண்கள். அவர்கள் முகம் உலகம் முழுக்க வீட்டு அலமாரிகளில் இருந்தது. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. தேயிலையில் இரும்புத்தூள் இருந்தால் காந்தத்தை வைத்து எடுத்துவிடுவேன். பறித்தவளுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைத்ததா என்பதற்கு என் ஆய்வுக்கூடத்தில் சோதனை இல்லை. அதைத் திறந்து பார்க்கத் தொழிற்சங்கமும் பத்திரிகையும் நீதிமன்றமும் வேண்டும்.

13 அக்டோபர், வெள்ளி

மறுபடி மியூசியம் ஆஃப் பிராண்ட்ஸ், போர்க்கால அலமாரிக்காக மட்டும். 1940 ஜனவரியில் உணவுப் பங்கீடு தொடங்கியதும் வண்ணம் மங்குகிறது, காகிதம் மெலிகிறது, லேபிள் சுருங்குகிறது. 1943 முதல் குளிர்பானங்கள் கம்பெனிப் பெயரையே இழந்து எஸ்.டி.ஐ. என்ற மூன்று எழுத்தோடு வந்தன. முட்டைப்பொடி டப்பாவில் ஐந்து அவுன்ஸ், பன்னிரண்டு முட்டைக்குச் சமம் என்று இருக்கும். அழகு ஒன்றும் இல்லை. தேவையான விவரம் எல்லாம் இருக்கிறது. எனக்கு இந்த அலமாரிதான் மிகவும் பிடித்தது.

உணவு அமைச்சகத்துக்கு அறிவியல் ஆலோசகராக இருந்து, யாருக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு வைட்டமின் என்று கணக்குப் போட்டவர் அதே ஜாக் டிரம்மண்ட், கன்றுக்கறி டின்னைத் திறந்தவர். பல நூற்றாண்டு ஆங்கிலேய உணவின் சரித்திரத்தை, பின்னாளில் மனைவியான ஆன் வில்பிரஹாமோடு சேர்ந்து 1939-இல் எழுதியவரும் அவரே. ஜனங்கள் எதையெல்லாம் தின்று நோயாளி ஆனார்கள் என்று படித்தவர் கையில் ஒரு நாட்டின் சாப்பாடு இருந்தது. அரசாங்கம் தேர்ந்தெடுத்ததிலேயே உத்தமமான தேர்வு இதுவாகத்தான் இருக்கும். அவரும் மனைவியும் சிறு மகளும் 1952-இல் பிரான்சில் சுற்றுலா போன இடத்தில் கொலையானார்கள். அதைப் படித்த பிறகு வெகுநேரம் வேறு எதிலும் மனம் போகவில்லை.

பங்கீடு முடிந்தது 1954-இல். அதே வருஷம்தான் இந்தியாவில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நிறைவேறியது. என் உத்தியோகம் அந்தச் சட்டத்தின் பிள்ளை.

14 அக்டோபர், சனி

நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் இதை எழுதிவைக்கிறேன், படிக்கிறவர்களுக்குப் பயன்படும்.

பிரிட்டனின் 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. அதிகாரிதான் மாதிரி எடுக்க வேண்டும் என்றில்லை. காசு கொடுத்து வாங்கிய எவரும் கட்டணம் கட்டிப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். அந்த உரிமை நம் 1954 சட்டத்திலும் இருந்தது. இன்றுள்ள 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தில் 40-ஆம் பிரிவாக இருக்கிறது. வாங்கும்போதே, இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிக் கொடுத்தால் அறிக்கை தருவார். பொருள் சட்டத்துக்குப் புறம்பாக இருந்தால் கட்டிய பணம் உங்களுக்குத் திரும்பி வரும்.

நான் வேலையில் இருந்த காலத்தில் அதிகாரிகள் அனுப்பிய மாதிரிகள் மலை போல வந்தன. பொதுஜனம் தாமாகக் கொண்டுவந்தவை மிக மிக அரிது. சந்தேகமாக இருக்கும் மஞ்சள்தூளையோ எண்ணெயையோ பற்றிப் பக்கத்து வீட்டில் பேசுவதோடு விட்டுவிடாதீர்கள். பில் வாங்குங்கள், கடைக்காரரிடம் சொல்லுங்கள், கொண்டுபோய்க் கொடுங்கள்.